ரவா தோசை வரும் வரை

ஞாயிற்றுக்கிழமை மாலை ஏழு மணிக்குச் சென்னையில் எந்த டிபன் ஓட்டலுக்குள் நுழைந்தாலும் ஒரு காட்சி தப்பாது. சாப்பிட்டுக்கொண்டிருக்கும் குடும்பத்தின் நாற்காலிகளுக்குப் பின்னால் இன்னொரு குடும்பம் நின்றுகொண்டிருக்கும். காபி வந்துவிட்டதா, பில் வந்துவிட்டதா என்று அவர்களுடைய கண்கள் மேஜையையே பார்த்துக்கொண்டிருக்கும். எழுந்தவுடன் இடம்போட ஒரு தோள்பை தயாராக இருக்கும். இவ்வளவு நெருக்கடியில் இடம்பிடித்து உட்காருகிறவர்கள் கேட்பது என்ன? இட்லி, பொங்கல், தோசை, பூரி, ஆளுக்கொரு காபி. காலையில் வீட்டில் சாப்பிட்டதும் அதுதான். நாளைக் காலையில் வீட்டில் சாப்பிடப்போவதும் அதுதான். ஃபிரிட்ஜில் ஒரு தூக்கு நிறைய மாவை வைத்துவிட்டு வந்தவர்கள்கூட அந்தக் கூட்டத்தில் இருப்பார்கள்.

புதிய ருசியைத் தேடுகிறவர்களுக்கு நகரத்தில் வேறு இடங்கள் நிறைய இருக்கின்றன. டிபன் ஓட்டலுக்குப் போகிறவர்கள் தெரிந்த ருசியை நாடித்தான் போகிறார்கள். தெரிந்ததைச் சாப்பிடுவதற்கு ஏன் இத்தனை குடும்பங்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்புகின்றன என்ற கேள்வி எனக்குள் வெகுகாலமாக இருக்கிறது. வாளியில் வரும் சாம்பார், கேட்கக் கேட்க ஊற்றும் சட்னி, நெய் மணம் எல்லாம் அதற்குப் பாதிப் பதில். மீதிப் பதில் நாற்காலியில் இருக்கிறது என்று நினைக்கிறேன். எங்கள் வீட்டார் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்து, ஒரே நேரத்தில் சூடாகச் சாப்பிடும் இடம் அந்த மேஜை ஒன்றுதான்.

தோசையை எடுத்துக்கொள்வோம். தமிழ் வீடுகளில் இதைவிடப் பிரியமான இரவு உணவு குறைவு. இதைப்போல் ஒருவரை நிற்கவைக்கும் உணவும் குறைவு. கல்லிலிருந்து எடுத்த சூட்டிலேயே சாப்பிட்டாக வேண்டும். ஐந்து நிமிடம் தள்ளிப்போனால் மொறுமொறுப்பு போய்விடும். வீட்டில் இருப்பது ஒரு கல், அதில் ஒரு நேரத்தில் ஒரு தோசை. ஐந்து பேருக்கு ஆளுக்கு மூன்று என்றால் பதினைந்து. ஒவ்வொன்றுக்கும் இரண்டு, மூன்று நிமிடம் என்று வைத்தாலும் அரை மணியிலிருந்து முக்கால் மணி நேரம் ஒருவர் அடுப்பை விட்டு நகர முடியாது. அந்த ஒருவர் யார் என்பதில் எந்த வீட்டிலும் சந்தேகம் வருவதில்லை. எல்லோரும் கைகழுவி எழுந்த பிறகு, கிண்ணத்தின் அடியில் மிச்சமிருக்கும் சட்னியைத் தொட்டுக்கொண்டு, பல நாட்கள் நின்றபடியே, அவர் தன் பங்கைச் சாப்பிட்டு முடிப்பார். பிறகு கல்லைத் துடைத்து எடுத்துவைப்பார்.

இதில் கொடுமைக்காரர் என்று யாரும் இல்லை. "நீயும் உக்காரேன்" என்று அன்போடு சொல்லாத வீடு இருக்காது. சொல்கிறவர் எழுந்துபோய்க் கரண்டியை வாங்காதவரை அந்த அழைப்பால் எதுவும் மாறுவதில்லை. தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019-இல் நாடு முழுவதும் நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வு இதை எண்களில் வைத்திருக்கிறது. வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடங்களை அதற்குக் கொடுக்கிறார். ஈடுபடும் ஆண் கொடுப்பது 97 நிமிடங்கள். இந்த 97 நிமிடமும் வீட்டு வேலை செய்கிற ஆண்களின் சராசரி. ஆய்வு நடந்த நாளில் வீட்டு வேலை எதையாவது செய்த பெண்கள் 100-க்கு 81 பேர், ஆண்கள் 26 பேர். ஐந்து மணி நேரம் என்பது இன்னொரு வேலைக்குச் சமம். அலுவலகம் போய்த் திரும்பும் பெண்ணுக்கு அந்த ஐந்து மணி நேரத்தின் கடைசிப் பகுதி பெரும்பாலும் அடுப்படியில்தான் கழிகிறது.

ஓட்டல் சமையலறையில் இந்தக் கணக்கு மாறிவிடுகிறது. அங்கே இருப்பது கனத்த, நீளமான இரும்புக் கல். தோசை மாஸ்டர் தண்ணீரைத் தெளித்து விளக்குமாற்றால் ஒரு தள்ளு தள்ளுகிறார். ஆவி அடங்குவதற்குள் எட்டோ பத்தோ வட்டங்கள் வரிசையாக விரிந்துவிடுகின்றன. கல் கனமாக இருப்பதால் குளிர்ந்த மாவு அத்தனையும் ஒரே நேரத்தில் விழுந்தாலும் சூடு இறங்குவதில்லை. முதல் வட்டத்துக்கு எண்ணெய் விட்டுக் கடைசிக்கு வந்து சேரும்போது முதலாவது சிவந்திருக்கும். ஒரு மேஜைக்கு வேண்டிய ஐந்து தோசைகளும் ஏறக்குறைய ஒன்றாகவே வெளியே வரும். வீட்டுக் கல்லால் செய்ய முடியாதது இது. குடும்பம் முழுவதும் ஒன்றாகச் சாப்பிடுவதற்கு அன்பு மட்டும் போதாது. அதற்கேற்ற அடுப்பும் கல்லும், நிற்பதற்கு வேறு ஆளும் வேண்டும் என்பதை அந்தக் கல்லைப் பார்த்தால் தெரிந்துகொள்ளலாம்.

என் அம்மா ஓட்டலில் தனக்கென்று ஒன்றைக் கேட்பதற்கு வெகுகாலம் ஆனது. நாங்கள் சிறுபிள்ளைகளாக இருந்தபோது சர்வர் அப்பாவிடம் கேட்பார், அப்பா எங்களிடம் கேட்பார், கடைசியில் கேள்வி அம்மாவிடம் வந்து சேரும். அதற்குள் அம்மா சுவரில் இருக்கும் விலைப்பட்டியலைப் படித்து முடித்திருப்பார். "எனக்கு ஒரு காபி போதும். புள்ளைங்க எப்படியும் மிச்சம் வைக்கும், அத எடுத்துக்கறேன்" என்பார். வீட்டில் கடைசித் தோசை தன்னுடையது என்று பழகிய ஒருவர் ஓட்டலிலும் அதே இடத்தைத் தேடிப் போய் உட்கார்ந்துகொள்கிறார். பசி இல்லாமல் அல்ல. 'உனக்கு என்ன வேணும்?' என்ற கேள்வியை எதிர்கொண்டு பழக்கம் இல்லாததால். நாள் முழுவதும் அந்தக் கேள்வியை மற்றவர்களிடம் கேட்டுக்கொண்டிருக்கும் ஒருவருக்கு, அது தன்னை நோக்கி வரும்போது பதில் சொல்ல நேரம் பிடிக்கிறது. பலர் விருப்பத்தைச் சொல்லாமல் விலை குறைந்ததைச் சொல்கிறார்கள். அல்லது மேஜையில் இருப்பவர்கள் கேட்டதில் ஒன்றையே தானும் சொல்கிறார்கள்.

பிறகு ஒருநாள் அம்மா ரவா தோசை கேட்டார். அன்றிலிருந்து எப்போது போனாலும் அதுதான்.

ரவா தோசையைத் தேர்ந்தெடுத்ததில் ஒரு சமையல்காரரின் தெளிவு இருக்கிறது. ரவையும் அரிசி மாவும் கொஞ்சம் மைதாவும் கலந்து நீர்மோர் பதத்துக்குக் கரைத்து, மிளகு, சீரகம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை போட்ட அந்த மாவைக் கரண்டியால் தேய்க்க முடியாது. நன்றாகக் காய்ந்த கல்லில் சற்று உயரத்திலிருந்து, ஓரத்தில் தொடங்கி நடுவுக்கு வரும்படி தெளித்து ஊற்ற வேண்டும். மாவு விழுந்த வேகத்திலேயே கண் கண்ணாகத் திறந்துகொள்ள வேண்டும். திருப்பிப் போடாமல், அவசரப்படாமல், நின்று வேகவிட வேண்டும். வீட்டுக் கல்லில் இரண்டாவது தோசைக்கே சூடு இறங்கிவிடும், மாவு ஒட்டிக்கொள்ளும். ஐந்து பேருக்கு ரவா தோசை சுட வேண்டுமென்றால் சுடுகிறவருக்கு அந்த இரவு முழுவதும் அதற்கே போய்விடும். அதனால் வீட்டில் அம்மா அதைச் செய்வதே அரிது. தான் செய்தால் தனக்கு ஒருபோதும் சூடாகக் கிடைக்காத ஒன்றைத்தான் அம்மா ஓட்டலில் கேட்டார்.

ஓட்டலிலும் அது உடனே வருவதில்லை. கூட்ட நேரத்தில் ஒரு ரவா தோசை எடுத்துக்கொள்ளும் நேரத்தில் இரண்டு சாதாத் தோசைகளைத் தட்டில் வைத்துவிடலாம். அதனால் சர்வர் முன்கூட்டியே சொல்லிவிடுவார். "அம்மா, ரவா லேட்டாகும். நெய் ரோஸ்ட் சொல்லட்டுமா?" முன்பென்றால் அம்மா சட்டென்று ஒப்புக்கொண்டிருப்பார். இப்போது "பரவால்லப்பா, மெதுவா வரட்டும்" என்கிறார். அப்பாவின் பொங்கல் வந்துவிடும். பிள்ளையின் பூரி உப்பி வந்து, விரல் பட்டு ஆவி பறந்து அடங்கிவிடும். என் தட்டும் வந்துவிடும். அம்மாவுக்கு முன்னால் இலை மட்டும் இருக்கும்.

அந்தக் காத்திருப்பின்போது மேஜையில் நடப்பதை நான் கவனித்திருக்கிறேன். யாரும் திட்டமிடாமலே எல்லோருடைய வேகமும் குறைகிறது. அப்பா தன் வடையைப் பிய்த்துப் பாதியை அம்மா பக்கம் தள்ளுகிறார். என் மகள் போகிற வருகிற சர்வரை எல்லாம் நிறுத்தி "அண்ணா, அம்மாச்சிக்கு இன்னும் வரல" என்கிறாள். என் கணவர் காபியைப் பிறகு கொண்டுவரச் சொல்கிறார். அந்தப் பத்து நிமிடத்தில் ஒரு பேச்சு தொடங்குகிறது. தொலைக்காட்சி இல்லாத, அடுப்படியிலிருந்து குரல் கொடுக்க வேண்டியிராத பேச்சு. அம்மா தன் பள்ளிக்கூடத்தைப் பற்றி, தான் படிக்க நினைத்ததைப் பற்றி எங்களிடம் சொன்னது இப்படி ஒரு காத்திருப்பில்தான். வீட்டில் அதைச் சொல்வதற்கு அவர் உட்கார்ந்ததே இல்லை. பல ஆண்டுகள் எங்கள் பசியின் வேகத்துக்கு அவர் நின்றார். இங்கே அவருடைய தோசையின் வேகத்துக்கு நாங்கள் உட்கார்ந்திருக்கிறோம். வெளியே போய்ச் சாப்பிடுவதில் எனக்குக் கிடைக்கும் நிறைவு பெரும்பாலும் அந்தப் பத்து நிமிடத்திலிருந்து வருகிறது.

இந்த நாற்காலிகள் எளிதில் கிடைத்தவை அல்ல என்பதும் எங்கள் மேஜைக்குத் தெரியும். அப்பா பிறந்தது இன்றைய விருதுநகர் மாவட்டத்தில் ஒரு கரிசல் ஊர். அந்த ஊர் டீக்கடையில் தாத்தாவுக்குத் தனி டம்ளர். வெளியே குத்தவைத்துக் குடித்துவிட்டு, தானே கழுவிக் கவிழ்த்துவைக்க வேண்டும். வேலை கிடைத்துச் சென்னைக்கு வந்த அப்பா முதல் சம்பளத்தில் ஓர் ஓட்டலுக்குள் போய் நடுக்கூடத்து மேஜையில் உட்கார்ந்தார். அதைப் பற்றி அவர் சொல்வது இவ்வளவுதான்: "யாரும் எதுவும் கேக்கல. குடிச்ச டம்ளரை அவங்களே எடுத்துட்டுப் போயிக் கழுவுனாங்க."

அப்பா அப்படி உட்காருவதற்கு முன் இந்த நகரத்தின் ஓட்டல்களுக்குள் ஒரு நெடிய போராட்டம் நடந்து முடிந்திருந்தது. காபி கிளப்புகளின் காலத்தில் பிராமணர்களுக்குத் தனி இடம், மற்றவர்களுக்குத் தனி இடம் என்பது எழுதிவைத்த வழக்கமாகவே இருந்தது. தாழ்த்தப்பட்டவர்களுக்குப் பல இடங்களில் உள்ளே நுழையவே வழி இல்லை. ரயில் நிலையச் சிற்றுண்டிச் சாலைகளில் இருந்த தனிப்பந்தி 1941-இல்தான் ஒழிந்தது. அரசியல் சட்டம் எழுதியவர்கள் 15-ஆவது பிரிவில் உணவகங்களைப் பெயர் சொல்லியே குறிப்பிட்டார்கள்: மதம், சாதி, பால், பிறந்த இடம் என்ற காரணங்களால் கடைகளிலும் பொது உணவகங்களிலும் எவரையும் தடுக்கக் கூடாது. ஒரு குடியரசு தன் அடிப்படை உரிமைகளுக்கு நடுவே சாப்பாட்டுக் கடையை எழுதிவைக்க வேண்டியிருந்தது என்றால், அந்த வாசல் எவ்வளவு இறுக்கமாக மூடியிருந்தது என்று எண்ணிப் பார்க்கலாம். சட்டம் வந்த பிறகும் பெயர்ப்பலகைகளில் 'பிராமணாள்' என்ற சொல் நீடித்தது. 1957-இல் திருவல்லிக்கேணி முரளி கஃபேயின் முன்னால் பெரியார் தொடங்கிய கிளர்ச்சியில் தொண்டர்கள் நாள்தோறும் மறியல் செய்து, கூட்டம் கூட்டமாகக் கைதாகி, மாதக்கணக்கில் நின்ற பிறகே அந்தச் சொல் பலகையிலிருந்து இறங்கியது. இன்று ஞாயிறு மாலையில் நம் நாற்காலிக்குப் பின்னால் நிற்கும் குடும்பம் எந்த ஊர், எந்தச் சாதி என்று நாம் கேட்பதில்லை. நாம் எழுந்த நாற்காலியில் அவர்கள் உட்காருகிறார்கள். அந்தச் சாதாரணம் எத்தனையோ பேர் சிறைக்குப் போய் ஈட்டித் தந்தது. ஊர்ப்புறத்து டீக்கடைகள் சிலவற்றில் அது இன்னும் முழுமையாக வந்து சேரவில்லை என்பதையும் மறந்துவிடக் கூடாது.

பெண்களுக்கும் அந்த நாற்காலி தாமதமாகத்தான் கிடைத்தது. பழைய ஓட்டல் என்பது ஆண்களின் இடம். மேன்ஷனில் தங்கிய குமாஸ்தா, கோர்ட்டுக்கு வந்த வாதி, வியாபார வேலையாக வந்தவர் என்று சமைத்துப் போட வீட்டில் ஆள் இல்லாதவர்கள்தான் அங்கே சாப்பிட்டார்கள். குடும்பம் வரத் தொடங்கியபோது 'ஃபேமிலி ரூம்' என்று மரத்தட்டி மறைத்து, அரைக்கதவு போட்ட சிறு அறைகளைக் கட்டினார்கள். காற்றோட்டமில்லாத அந்தச் சதுரத்துக்குள் பெண்கள் மற்றவர் கண்ணில் படாமல் சாப்பிட்டுவிட்டுப் போக வேண்டும். 1962-இல் கதீட்ரல் சாலையில் வந்த உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் அந்தத் தட்டியை வேறு விதமாக நீக்கியது. மரங்களுக்கு அடியில் கார் நிற்க, கதவிலேயே தட்டு மாட்டப்பட்டு டிபன் வந்தது. கார் இல்லாதவர்களும் உள்ளே போய் நெடுநேரம் உட்கார்ந்திருந்தார்கள். 2008-இல் அது மூடப்பட்டு, அந்த நிலம் 2010-இல் செம்மொழிப் பூங்கா ஆனது. இன்று தட்டி மறைப்பு ஏறக்குறைய எங்கும் இல்லை. அலுவலகம் முடிந்து தனியாக வந்து உட்கார்ந்து, மினி டிபன் சாப்பிட்டுவிட்டு, புத்தகத்தில் இரண்டு பக்கம் படித்துவிட்டுப் போகும் பெண்ணைப் பார்க்கிறேன். அம்மா அந்த வயதில் இருந்தபோது அதற்கு இடம் இருக்கவில்லை.

நாம் வீட்டு ருசி என்று நம்பிச் சாப்பிடும் இந்த உணவைச் சமைத்துத் தந்தவர்கள் பெரும்பாலும் தங்கள் வீட்டை விட்டு வந்தவர்கள். உடுப்பி அருகே பிறந்து, சிறுவயதில் சமையலறை எடுபிடியாக மாவாட்டிப் பாத்திரம் கழுவிய கே. கிருஷ்ண ராவ்தான் சென்னையில் உடுப்பி ஓட்டல்களை வளர்த்து, 1938-இல் ராயப்பேட்டையில் உட்லண்ட்ஸைத் தொடங்கினார். இட்லியை மூழ்கடிக்கும் சாம்பாருக்குப் பெயர்போன திருவல்லிக்கேணி ரத்னா கஃபேயை 1948-இல் ஆரம்பித்தவர் வட இந்தியாவின் மதுராவிலிருந்து வந்தவர். பிறகு தென் மாவட்டங்களிலிருந்து இளைஞர்கள் வந்தார்கள். இன்று தண்ணீர் வைப்பவர், மேஜை துடைப்பவர், பல இடங்களில் தோசை ஊற்றுபவரும்கூட அசாமிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்திருக்கிறார். எங்கள் பகுதி ஓட்டலில் பரிமாறும் இளைஞர் தமிழில் முதலில் கற்றது பலகாரப் பெயர்களை. மூச்சுவிடாமல் அத்தனையையும் சொல்லி முடித்து, கடைசியில் "வேற என்னம்மா?" என்று கேட்பார். அவருடைய தாய் இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் எந்த அடுப்பின் முன் நிற்கிறாரோ தெரியாது. அவர் மகன் இங்கே என் தாய்க்குச் சூடாகப் பரிமாறுகிறார்.

இந்த இடத்தில் என் மகிழ்ச்சி கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டியிருக்கிறது. அம்மா உட்கார்ந்துவிட்டார் என்பதால் நிற்பது ஒழிந்துவிடவில்லை. வேறு கால்களுக்கு மாறியிருக்கிறது. சர்வர் நிற்கிறார், சரக்கு மாஸ்டர் நிற்கிறார், தோசை மாஸ்டர் நெருப்பின் முன்னால் நிற்கிறார். பின்கட்டில் தட்டுக் கழுவும் பெண்களில் பலர் இந்த வேலை முடிந்து வீட்டுக்குப் போய்த் தங்கள் குடும்பத்துக்கு உலை வைக்க வேண்டியவர்கள். ஒரே நாளில் இரண்டு பந்திகளுக்கும் நிற்பவர்கள் அவர்கள்தான். எல்லோரும் சாப்பிடும் நேரத்தில் ஓட்டல்காரர்கள் சாப்பிட முடியாது. கூட்டம் வருவதற்கு முன்னாலோ, ஓய்ந்த பின்னாலோ, மதியம் மூன்றரை மணிக்கு ஓரமாக உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். வீட்டில் அம்மாவுக்கு இருந்த அதே கடைசிப் பந்தி.

உணவு நிறுவனங்களுக்கென்று இந்த மாநிலத்தில் 1958-இலேயே தனிச் சட்டம் வந்தது. வேலை நேரம், இடைவேளை, வார விடுமுறை எல்லாம் அதில் இருக்கின்றன. 2021-இல் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்கள் உட்கார இருக்கை வைக்க வேண்டும் என்று தமிழ்நாடு விதி செய்தது. துணிக்கடைகளில் பன்னிரண்டு மணி நேரம் நின்று கால் வீங்கிய பெண்களின் வலிதான் அதற்குப் பின்னால் இருந்தது. நிற்பவருக்கு உட்கார உரிமை உண்டு என்று ஒரு சட்டமன்றம் ஒப்புக்கொண்டதை நான் பெரிய விஷயமாகக் கருதுகிறேன். அந்த நினைப்பு ஒவ்வொரு ஓட்டலின் பின்கட்டு வரைக்கும் போய்ச் சேர வேண்டும். வாடிக்கையாளராக நாம் செய்யக்கூடியவை சிறியவை, ஆனால் செய்யக்கூடியவை. பரிமாறுபவரை ஒருமையில் விரட்டாமல் இருப்பது, பத்தரை மணிக்கு ஷட்டர் பாதி இறங்கிய பிறகு உள்ளே நுழைந்து ஆறு பேருக்கு ஆர்டர் கொடுக்காமல் இருப்பது, வார விடுமுறை என்று ஓர் ஓட்டல் மூடியிருந்தால் முகம் சுளிக்காமல் இருப்பது. இட்லி விலையில் இரண்டு ரூபாய் ஏறும்போது அதில் ஒருவருடைய கூலியும் இருக்கிறது என்று நினைத்துக்கொள்வதும் அதில் சேரும்.

விலையைப் பற்றி அந்த அளவுக்கு லேசாகப் பேச எல்லோராலும் முடியாது. மாதத்தில் ஒருமுறை, சம்பளம் வந்த வாரத்தில் மட்டும் வரும் குடும்பங்களை எனக்குத் தெரியும். பிள்ளைகளுக்கு மசால் தோசை, பெரியவர்களுக்கு இரண்டிரண்டு இட்லி, கடைசியில் ஒரு காபியை இரண்டு டம்ளரில் ஆற்றிக்கொள்வது என்று வாசலிலேயே கணக்கு முடிந்திருக்கும். அதுவும் இயலாதவர்களுக்கு 2013-இல் சென்னையில் அம்மா உணவகம் வந்தது. ஒரு ரூபாய்க்கு இட்லி, ஐந்து ரூபாய்க்குச் சாம்பார் சாதம், மூன்று ரூபாய்க்குத் தயிர் சாதம். சமைத்தவர்கள் சுய உதவிக் குழுப் பெண்கள். வீட்டில் கூலியில்லாமல் செய்த வேலை அங்கே கூலி பெறும் வேலை ஆனது. கட்டடத் தொழிலாளியும் வீட்டு வேலைக்குப் போகும் பெண்ணும் கையில் தட்டோடு அங்கே சாப்பிடுவதைப் பார்க்கும்போது, வெளியே சாப்பிடுவது வசதியுள்ளவர்களின் உல்லாசம் என்ற எண்ணம் உதிர்ந்துபோகிறது. சமைக்க நேரமோ இடமோ தெம்போ இல்லாதவருக்கு அது ஒரு வேளையின் விடுதலை.

இப்போது ஓட்டல் நம் வீட்டுக்கே வந்துவிடுகிறது. ஸ்விகியிலும் சொமேட்டோவிலும் அதே ரவா தோசையைச் சொல்லலாம், சொல்லியும் பார்த்தோம். பெட்டிக்குள் மடங்கி, தன் ஆவியிலேயே நனைந்து வந்தது. அது சிறிய குறை. பெரிய குறையை அதற்குப் பிறகுதான் உணர்ந்தேன். பார்சல் வந்ததும் அம்மா எழுந்தார். சாம்பார்ப் பொட்டலத்தின் முடிச்சை அவிழ்த்துக் கிண்ணத்தில் ஊற்றினார், யாருக்கு எது என்று பிரித்தார், தட்டுகளை எடுத்துவைத்தார், தண்ணீர் கொண்டுவந்தார். எல்லோரும் உட்கார்ந்து பாதி சாப்பிட்ட பிறகு தன் பொட்டலத்தைப் பிரித்தார். உணவு மட்டும் வந்திருந்தது, நாற்காலி வரவில்லை. அடுப்பை அணைத்துவிட்டால் பந்தியின் வரிசையும் கலைந்துவிடும் என்று நாம் நினைக்கிறோம். அந்த வரிசை அடுப்பில் இல்லை, எங்கள் பழக்கத்தில் இருக்கிறது.

ஆகவே ஓட்டல் மேஜை நமக்குத் தரும் ஆறுதலை நான் முழு மனதோடு நம்புகிறேன். அதை அங்கேயே விட்டுவிட்டு வருவதைத்தான் ஏற்க முடியவில்லை. வாரத்தில் ஒரு வேளை அம்மா உட்கார்ந்து சாப்பிடுவதைப் பார்த்து மகிழ்கிறவர்கள், மற்ற வேளைகளைப் பற்றியும் ஒரு முடிவுக்கு வர வேண்டும். எங்கள் வீட்டில் இரண்டாவது கல் வாங்கியிருக்கிறோம். இரண்டு அடுப்பிலும் தோசை வார்த்தால் நிற்கும் நேரம் பாதியாகக் குறைகிறது. ஆளுக்கு மூன்று தோசை என்றால், மூன்று பேர் முறைபோட்டுக்கொண்டு நிற்கலாம். என் மகள் வார்க்கும் தோசை இன்னும் வட்டமாக வருவதில்லை. என் கணவருடையது தடிமனாக வருகிறது. அதைச் சூடாக, உட்கார்ந்து, முதல் ஆளாக அம்மா சாப்பிடுகிறார். ஓட்டல் தோசையின் நேர்த்தி அதில் கிடையாது. ஓட்டலுக்கு எதைத் தேடிப் போனோமோ அது கிடைக்கிறது.

நம் குடும்பங்கள் சமத்துவத்தைப் பெரும்பாலும் வெளியில்தான் கற்றிருக்கின்றன: பள்ளிக்கூடத்து பெஞ்சில், பேருந்து இருக்கையில், ஓட்டல் மேஜையில். அங்கெல்லாம் யாரோ போராடி விதியை மாற்றினார்கள். நாம் போய் உட்கார்ந்துகொண்டோம். வீட்டுப் பந்திக்கு அப்படி வெளியிலிருந்து யாரும் வந்து விதி எழுதப்போவதில்லை. மறியல் செய்ய வாசலில் ஆட்கள் கூடமாட்டார்கள். ஓட்டலில் பணம் கொடுத்துப் பெறுவதை வீட்டில் நம் உழைப்பைக் கொடுத்துப் பெற வேண்டும். அப்பாவின் தலைமுறை ஓட்டலுக்குள் நுழைந்து தன் டம்ளரை மேஜைமேல் வைத்தது. எங்கள் தலைமுறைக்கும் எங்கள் பிள்ளைகளுக்கும் மிச்சமிருப்பது அடுப்படிக்குள் நுழைந்து கரண்டியை வாங்கிக்கொள்வது. ஒருநாள் மகிழ்ச்சிக்காக அல்ல, தினமும் செய்யும் வேலையாக.